அங்கோர் பாஸ்: ஒரு நாளா, மூன்று நாளா, ஏழு நாளா?

கேட்கப்பட்ட கேள்வி இது: டிசம்பர் கடைசியில் கணவன், மனைவி, 67 வயது அம்மா, 11 வயது மகன் என நால்வர் கம்போடியாவின் சியாம் ரீப் நகருக்குப் போகிறார்கள். ஐந்து இரவு அங்கே தங்குகிறார்கள். அங்கோர் கோயில்களுக்கான ஒரு நாள் பாஸ் போதுமா, மூன்று நாள் பாஸ் வீண் செலவா, எந்த நாளில் எதைப் பார்ப்பது, அம்மாவால் ஏறி இறங்க முடியுமா?

மூன்று நாள் பாஸ் வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏன் என்பதையும், அந்த மூன்று நாளை எப்படிச் செலவிடலாம் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாஸின் விதிகளை அறியாமல் போகிறவர்கள் ஒரு நாளை அநியாயமாக இழந்துவிட்டு வருகிறார்கள்.

முதலில் கணக்கு. வெளிநாட்டவருக்கு ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் 62 டாலர், ஏழு நாள் 72 டாலர். 2017 பிப்ரவரியில் வந்த கட்டணம் இது. இரண்டு நாள் பாஸ் என்று ஒன்று இல்லை. ஒரு நாள் பாஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, மனம் நிறையாமல் மறுநாளும் ஒன்று வாங்கினால் 74 டாலர் ஆகிவிடும். அது ஏழு நாள் பாஸின் விலையைவிட அதிகம். 'முதலில் ஒரு நாள் பார்ப்போம், பிறகு யோசிப்போம்' என்று போகிறவர்களுக்குத்தான் அங்கோர் மிகவும் செலவு வைக்கிறது. உங்கள் மகனுக்கு 12 வயது ஆகவில்லை என்பதால் அவனுக்குப் பாஸ் தேவையில்லை. ஆனால் வயதைக் காட்ட அவனுடைய பாஸ்போர்ட்டை ஒவ்வொரு நாளும் கையில் வைத்திருங்கள். கோயில் வாசல்களில் கேட்பார்கள். ஆக, பெரியவர்கள் மூவருக்கு 186 டாலர். ஒரு நாள் பாஸ் என்றால் 111. இடைவெளி 75 டாலர். விமானச் செலவும் ஐந்து இரவு ஓட்டல் செலவும் செய்து போகிற குடும்பம் இந்த 75 டாலரை மிச்சப்படுத்திவிட்டு, சுமார் 400 சதுர கி.மீ. பரப்புள்ள ஒரு பழைய தலைநகரத்தை ஒரே பகலில் ஓடிப் பார்ப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

மூன்று நாள் பாஸ் என்றால் அடுத்தடுத்த மூன்று நாட்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாட்களிலும் பயன்படுத்தலாம். ஏழு நாள் பாஸுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. 67 வயது அம்மாவை அழைத்துப் போகிற உங்களுக்கு இந்த விதி பெரிய வரம். நடுவில் ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிடலாம். அதே நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம் என்பதும் முக்கியம். காலையில் பார்த்து, உச்சிவெயிலில் ஓட்டலுக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் மறுபடி போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: அரை மணி நேரம் ஒரே ஒரு கோயிலுக்குள் போய் வந்தாலும் அன்றைய நாள் கழிந்துவிடும். ஓய்வு நாளில் 'சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்' என்று எந்தக் கோயில் பக்கமும் போகாதீர்கள்.

பாஸை அங்கோர் என்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனம் விற்கிறது. அங்கோர் வாட் வாசலுக்குப் போய் அங்கே சீட்டு வாங்கிக்கொள்ள முடியாது. ஊருக்கும் கோயில்களுக்கும் இடையே தனியாக ஒரு பெரிய சீட்டு மையம் இருக்கிறது. காலை 5 மணி முதல் மாலை 5.30 வரை இயங்கும். அங்கேயே உங்களைப் படம் எடுத்து அந்தப் படத்தைப் பாஸில் அச்சிட்டுத் தருவார்கள். அதனால் ஒருவர் பாஸை மற்றவர் பயன்படுத்த முடியாது. அம்மா களைத்துப் போய் ஓட்டலில் இருந்துவிட்டால் அவர் பாஸில் இன்னொருவர் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அட்டையிலும் கட்டலாம். ரொக்கமாகக் கொடுப்பதானால் கிழியாத, கறை படியாத டாலர் நோட்டுகளாக வைத்திருங்கள். கம்போடியாவில் ஓரம் கிழிந்த டாலரை யாரும் வாங்க மாட்டார்கள். பாஸ் தொலைந்தால் வேறு தர மாட்டார்கள், பணமும் திரும்பாது. அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே படத்தைப் பதிவேற்றி முன்கூட்டி வாங்கும் வசதியும் வந்துவிட்டது. டிசம்பர் கடைசி கூட்டம் நெரியும் காலம் என்பதால் அதையே பரிந்துரைப்பேன். தெருவோர ஏஜென்டோ வேறு யாரோ 'குறைந்த விலைக்குப் பாதி பயன்படுத்திய பாஸ்' என்று நீட்டினால் விலகிப் போய்விடுங்கள்.

மாலை 5 மணிக்கு மேல் வாங்கும் பாஸ் மறுநாள் தேதியில்தான் தொடங்கும். ஆனால் வாங்கிய அன்று மாலையே உள்ளே போய் அஸ்தமனம் பார்க்கலாம். இதைப் பெரிய ரகசியம் போலப் பலர் எழுதுகிறார்கள். ஏப்ரலிலோ ஜூலையிலோ இது பயன்படும். நீங்கள் போகும் டிசம்பரில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். மாலை ஐந்துக்குச் சீட்டு வாங்கி, வண்டியில் போய், குன்றேறி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அஸ்தமனத்துக்குப் பெயர்போன பக்கெங் குன்றின் உச்சியில் ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல் விடுவதும் இல்லை. அந்த வரிசையில் அம்மாவை நிற்க வைக்க வேண்டாம். வந்திறங்கும் நாள் மாலையில் பாஸ் வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் காலை வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம் என்ற அளவில் மட்டும் இந்த விதியைப் பயன்படுத்துங்கள்.

இனி எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பது. நான் அதிகம் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

ஊரில் வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்வது 'சின்னச் சுற்று', 'பெரிய சுற்று' என்ற இரண்டு பாதைகள். சின்னச் சுற்று சுமார் 17 கி.மீ.: அங்கோர் வாட், அங்கோர் தோம், தா புரோம். பெரிய சுற்று சுமார் 26 கி.மீ.: பிரியா கான், நீக் பியன், தா சோம், கிழக்கு மெபோன், பிரே ரூப். இந்தப் பாதைகள் வண்டி ஓட்டுவதற்கு வசதியானவை. பார்க்கிறவர் மனத்தில் அந்த நகரம் எழுந்து நிற்பதற்கு இவை உதவுவதில்லை. முதல் நாள் விடியலிலேயே அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டவருக்கு, அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் செங்கல்லில் கட்டிய ஆறு சிறு கோபுரங்கள் சாதாரணமாகத் தெரியும். அதே செங்கல் கோபுரங்களை முதலில் பார்த்தவர், அங்கோர் வாட்டின் முன் நிற்கும்போது அந்தச் சிற்பிகள் கடந்து வந்த தூரத்தையே பார்ப்பார். ஆகையால் கட்டப்பட்ட கால வரிசையில் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மூன்று நாள் பாஸ் இதற்கு அளவெடுத்தது போல் அமையும்.

பாஸின் முதல் நாள்: ரொலுவோஸ். ஊரிலிருந்து கிழக்கே சுமார் 13 கி.மீ. இதுதான் அரிகராலயம் என்ற பழைய தலைநகர். பிரியா கோ கோயில் 879-ல் முதலாம் இந்திரவர்மன் தன் முன்னோர்களுக்காக எழுப்பியது. செங்கல் கோபுரங்களின் மேல் பூசிய சுதை இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து நூறு மழைக்காலங்களைத் தாண்டிய சுதை அது. அடுத்தது 881-ல் எழுந்த பாகோங். ஐந்து அடுக்காக உயரும் இந்த மலைக் கோயிலைப் பார்த்ததும், மேரு மலையைக் கல்லில் கட்டிப் பார்க்கும் எண்ணம் இந்த மண்ணில் எப்படி வளர்ந்தது என்பது விளங்கிவிடும். அங்கோர் வாட்டின் விதை இங்கே இருக்கிறது. அம்மா மேலே ஏற வேண்டியதில்லை. கீழே அகழியோரம் மரநிழல் உண்டு. மூன்றாவது லோலெய், 893-ல் யசோவர்மன் ஒரு மாபெரும் ஏரியின் நடுவே தீவாகக் கட்டியது. ஏரி வற்றி வயலாகிவிட்டது. அதன் கதவு நிலைகளில் வெட்டிய கல்வெட்டு எழுத்துகளை மகனுக்குக் காட்டுங்கள். கம்போடிய மக்களான கெமர்களின் எழுத்து பல்லவ எழுத்தின் வழியில் வந்தது. கிரந்தம் கண்டு பழகிய கண்ணுக்கு அந்த உறவு தெரியும்.

இந்த மூன்றையும் பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். கூட்டமும் குறைவு. ஓட்டலுக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு, மாலை நாலரைக்குள் பிரே ரூப் போய்ச் சேருங்கள். 961-ல் இராஜேந்திரவர்மன் கட்டியது. செங்கல்லும் செம்புரைக்கல்லும் சாய்வெயிலில் சிவந்து போகும். மற்றக் கோயில்கள் மாலை 5.30-க்கு மூடிவிடும்போது பிரே ரூப்பும் பக்கெங்கும் மட்டும் ஏழு மணி வரை திறந்திருக்கும். படிகள் செங்குத்தானவை. மேலே போகிறவர்கள் போகட்டும். கீழிருந்து பார்த்தாலும் அழகுக்குக் குறைவில்லை.

இரண்டாம் நாள் காலை பந்தேய் ஸ்ரே. இதற்கு மட்டும் துக்துக் வேண்டாம், ஏ.சி. கார் பேசிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சுமார் 35 கி.மீ., ஒரு மணி நேரப் பயணம். ஏழரைக்குத் திறக்கும், ஆறரைக்குக் கிளம்பினால் சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். தரை மட்டமான கோயில், ஏற்றமே இல்லை. அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

967-ல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில் இது. கட்டியவர் மன்னர் இல்லை. யக்ஞவராகர் என்ற அரச குரு. நடுக் கோபுரமே பத்து மீட்டர் அளவுதான். ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் செதுக்குவது போன்ற நுணுக்கத்தோடு வேலை செய்திருக்கிறார்கள். கயிலையைப் பெயர்க்கும் இராவணன், சிவனால் எரியும் காமன், காண்டவ வனம் எரியும்போது மழை பொழியும் இந்திரன், வாலி சுக்ரீவன் சண்டை என்று எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள். வழிகாட்டி இல்லாமலேயே அம்மா உங்கள் மகனுக்குச் சொல்லிவிடுவார். ஒன்றை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள். கிழக்குக் கோபுர வாசலுக்கு மேலே உள்ள முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் வற்றிய மார்பும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். தன் உருவத்தைப் பேயுருவாக மாற்றித் தரக் கேட்டு, ஆடும் பெருமான் அடிக்கீழ் இருக்க வரம் வேண்டிய அந்தத் தமிழ்ப் பெண், கடல் கடந்து வந்து இந்தக் காட்டுக் கோயிலில் அதே அடிக்கீழ் இருக்கிறாள். இந்தச் சிற்பம் ஒன்றுக்காகவே பந்தேய் ஸ்ரேயை ஒரு நாள் பாஸில் விட்டுவிட்டு வருகிற தமிழர்களை நினைத்து வருத்தப்படுவேன்.

இதே கோயிலிலிருந்து 1923-ல் சிற்பங்களைப் பெயர்த்துக் கடத்த முயன்று பிடிபட்டவர் ஆந்த்ரே மால்ரோ. பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சராக இருந்தவர். பின்னர் 1931 முதல் 1936 வரை கோயிலின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கினார்கள். இன்று நாம் முழுமையாகப் பார்ப்பது அந்த உழைப்பால்தான்.

திரும்பி வந்து சாப்பிட்டு ஓய்ந்து, பிற்பகல் இரண்டரை வாக்கில் அங்கோர் வாட். ஆம், காலையில் இல்லை, பிற்பகலில். கோயில் மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயில் முகப்பின் மேல் நேராக விழும்; மேற்குச் சுற்றாலையின் சிற்பங்களில் ஒளி பக்கவாட்டில் படும். விடியற்காலையில் குளக்கரையில் ஆயிரம் பேரோடு நின்று கோபுரங்களின் நிழலுருவத்தைப் படம் எடுப்பதைத்தான் எல்லோரும் அங்கோர் வாட் என்று நினைக்கிறார்கள். அந்தக் காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் களைத்துப் போய் சிற்பங்களைப் பாராமல் திரும்புவது பெரிய இழப்பு.

இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்கு எழுப்பிய கோயில். அகழியின் அகலமே சுமார் 190 மீட்டர். கற்கள் முப்பது நாற்பது கி.மீ. தள்ளியுள்ள குலேன் மலையடிவாரத்திலிருந்து கால்வாய் வழியே வந்தவை. மேற்கு வாசலில் எட்டுக் கைத் திருமால் ஒருவர் நிற்கிறார். தா ரீச் என்று அழைத்து இன்றும் ஊர்மக்கள் பூவும் ஊதுபத்தியும் வைத்து வணங்குகிறார்கள். அம்மா அங்கே ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் வலப்பக்கம் திரும்புங்கள். இந்தச் சுற்றாலைச் சிற்பங்கள் இடஞ்சுழியாகப் பார்க்க வேண்டியவை. நம் கோயில்களில் சுற்றும் திசைக்கு நேர் எதிர். ஈமச் சடங்கில் சுற்றும் திசை என்பதால் இது மன்னனின் நினைவாலயமாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். வலப்பக்கம் முதலில் வருவது குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மகனிடம் விட்டுவிடுங்கள். அடுத்து தெற்குப் பக்கம் சூரியவர்மனே படைகளோடு போகும் ஊர்வலம். பிறகு எமன் தீர்ப்புச் சொல்ல, சொர்க்கமும் நரகமும். கிழக்குப் பக்கம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல்: ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவே திருமால், காலடியில் ஆமை, கீழே துண்டு துண்டாகும் மீன்களும் முதலைகளும். இங்கே அவசரப்படாமல் அரை மணி நேரமாவது நில்லுங்கள். அதற்கப்பால் கிழக்கின் வடபாதியும் வடக்குப் பக்கத்தின் கிழக்குப் பாதியும் பதினாறாம் நூற்றாண்டில் செதுக்கியவை. கை வேறு, தரமும் குறைவு, விரைந்து கடக்கலாம். கடைசியாக மேற்குப் பக்கத்தின் வடபாதியில் இலங்கைப் போர். அனுமன் தோளில் நின்று இராமன் அம்பு விடுகிறான். இருபது கைகளோடு இராவணன் தேரில் வருகிறான். குரங்குகள் கடிக்கிற, உதைக்கிற, மரத்தைப் பிடுங்கி அடிக்கிற விதங்களைப் பார்க்கவே தனியாக நேரம் வேண்டும்.

நடுவில் உயரமான மேல்தளம், பாகான் என்பார்கள். ஒரே நேரத்தில் 100 பேரை மட்டும் விடுவார்கள். படி மிகச் செங்குத்து. 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. ஆக, இலவசமாக வரும் உங்கள் மகன் மேலே போக முடியாது என்பதை முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். மாதத்தில் நான்கு பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். தேதியை முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு இந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மாறி மாறிப் போய் வரலாம்.

மூன்றாவது நாள் ஓய்வு. அங்கோர் தேசிய அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பாஸில் சேராது, தனிச் சீட்டு, ஆகவே பாஸின் நாளும் கழியாது. பந்தேய் ஸ்ரேயையும் அங்கோர் வாட்டையும் பார்த்த பின் போனால் உள்ளே இருப்பவை பேசும்.

அதற்கு மறுநாள் பாஸின் கடைசி நாள். இதை ஏழாம் ஜெயவர்மனுக்குக் கொடுங்கள். 1177-ல், இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சம்பா நாட்டார் படையெடுத்து நகரைச் சூறையாடினார்கள். 1181-ல் அரியணை ஏறிய இவர் எழுப்பியதுதான் அங்கோர் தோம். ஒரு பக்கம் மூன்று கி.மீ. நீளம், எட்டு மீட்டர் உயர மதில், ஐந்து வாசல். காலை ஏழரைக்கு தா புரோமில் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க இடமிருக்காது. 1186-ல் தன் தாய்க்காக அவர் அர்ப்பணித்த கோயில். வேர்கள் கூரையைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். அங்கே கிடைத்த கல்வெட்டு, கோயிலுக்குள் 12,640 பேர் வாழ்ந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது. நாடெங்கும் 102 மருத்துவமனைகள் இருந்ததையும் அதே கல்வெட்டுத்தான் சொல்கிறது. சரிந்து கிடந்த பல பகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாக நிமிர்த்தி வருகிறது. 1986 முதல் 1993 வரை, உள்நாட்டுப் போர் முழுதாக ஓயாத காலத்தில், அங்கோர் வாட்டிலும் அவர்கள் வேலை செய்தார்கள். இங்கே பாதையில் மரப்பலகை போட்டிருப்பதால் அம்மாவுக்கு நடக்கச் சிரமம் குறைவு.

அடுத்து அங்கோர் தோமின் நடுவே உள்ள பாயோன் கோயில். கோபுரந்தோறும் நாற்புறமும் பார்க்கும் அந்த முகங்களை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் வெளிச் சுற்றாலையைப் பார்க்கச் சொல்வேன். அங்கோர் வாட்டில் தேவர்களும் மன்னர்களும் இருந்தார்கள்; இங்கே சந்தையில் மீன் விற்கும் பெண்கள், சேவற்கட்டு, பன்றியைக் கொப்பரையில் இறக்குகிற சமையல்காரர்கள், பிரசவம், சீன வணிகர்கள், தோணிகளில் நடக்கும் போர். மண்ணோடு மண்ணாய்ப் போன ஒரு நகரத்தின் அன்றாடம் இந்தச் சுவரில் மட்டும்தான் தப்பியிருக்கிறது. ஏனென்றால் அங்கே கல் கட்டடம் தெய்வத்துக்கு மட்டும். மன்னன் மாளிகை உட்பட மனிதர் வாழ்ந்ததெல்லாம் மரம். 2012-ல் விமானத்திலிருந்து லேசர் அளவீடு செய்தபோதுதான் காட்டுக்கு அடியில் தெருக்களும் குளங்களும் மேடைகளும் கட்டம் கட்டமாக வெளிப்பட்டன. 1296-ல் சீனத் தூதுக் குழுவோடு வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கிய சோவ் தாகுவான், பாயோனைப் பொற்கோபுரம் என்றும் பக்கத்திலுள்ள பாபுவோனை அதைவிட உயர்ந்த செப்புக் கோபுரம் என்றும் குறித்து வைத்திருக்கிறார். பாபுவோனைப் பிரித்து மறுபடி கட்டும் வேலை 1960-களில் தொடங்கிப் போரால் நின்றது. எந்தக் கல் எங்கே என்ற குறிப்பேடுகள் அழிந்தன. சுமார் மூன்று லட்சம் கற்கள் காட்டில் பரப்பிக் கிடந்தன. 1995-ல் மறுபடி தொடங்கி 2011-ல் முடித்தார்கள். மனிதப் பொறுமைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

மதியத்துக்கு மேல் தெம்பிருந்தால் பிரியா கான், 1191-ல் தந்தைக்காக. புத்தர் உருவங்களைப் பிற்காலத்தில் செதுக்கி எடுத்துவிட்ட வெற்று மாடங்களை அங்கே வரிசையாகப் பார்ப்பீர்கள். தெம்பில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உடை பற்றி: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார், வேட்டி எல்லாம் சரி. கையில்லாத ரவிக்கையும் அரைக்கால் சட்டையும் வேண்டாம். மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் பாகானில் திருப்பி அனுப்புவார்கள். சிற்பங்களைத் தொடாதீர்கள், மகனையும் தொட விடாதீர்கள். அங்கோர் வாட்டில் அப்சரஸ் சிலைகள் பல, கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளக்கின்றன; அந்தப் பளபளப்பு ஒரு காயம். சிறு பிள்ளைகள் அஞ்சலட்டையோ காந்தப் பொம்மையோ விற்க வந்தால் வாங்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் அந்த வருமானம்தான் அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே நிறுத்துகிறது. கோயில்களைப் பராமரிக்கும் அப்சரா ஆணையமும் இதையே கேட்டுக்கொள்கிறது.

உதவ வேண்டும் என்று தோன்றினால், பாஸ் வாங்கியதிலேயே உதவிவிட்டீர்கள். ஒவ்வொரு பாஸிலிருந்தும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயாட் ரிச்னர் 1992-ல் கம்போடியாவில் மீண்டும் உயிர்ப்பித்த, குழந்தைகளுக்குக் கட்டணமே வாங்காத மருத்துவமனைகள் அவை. சியாம் ரீப்பில் அங்கோர் போகும் சாலையிலேயே அதன் கிளை இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனை. 102 மருத்துவமனைகளின் மன்னர் பெயர். உங்கள் மூன்று பாஸில் 6 டாலர் அங்கே போய்ச் சேருகிறது. கட்டணம் அதிகம் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'அங்கோர் வாட் தமிழ் மன்னன் கட்டியது' என்று செல்போனில் சுற்றும் செய்திகளை நம்பி மகனுக்கு அப்படிச் சொல்லாதீர்கள். கட்டியவர்கள் கெமர் மன்னர்கள், கெமர் மக்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் இருந்த உறவுக்கு உண்மையான சான்றுகளே போதுமானவை. பல்லவ எழுத்து இருக்கிறது, காரைக்கால் அம்மையார் இருக்கிறார், காம்போஜ அரசன் இராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாகச் சொல்லும் கரந்தைச் செப்பேடு இருக்கிறது. வழிகாட்டியாக வரும் கெமர் இளைஞரிடம் போய் 'இது எங்கள் மன்னன் கட்டியது' என்று சொன்னால், பேரழிவிலிருந்து மீண்டு வந்து தங்கள் கொடியிலேயே இந்தக் கோயிலை வைத்திருக்கும் மக்களின் மனம் எப்படி நோகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏழு நாள் பாஸ் யாருக்கு? பத்து டாலர்தான் அதிகம் என்பதால் ஆசையாக இருக்கும். உங்களுக்கு ஐந்து இரவுதான். அம்மாவோடு நான்காவது நாளும் கோயில் என்றால் எல்லோருக்கும் அலுத்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்கள், சைக்கிளில் சுற்றுகிறவர்கள், ஆற்றுப் படுகையில் லிங்கங்கள் செதுக்கிய கபால் ஸ்பியன் வரை காட்டுப் பாதையில் ஏறத் தயாராக இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். குலேன் மலையும் கோ கேரும் எந்தப் பாஸிலும் அடங்காது, தனித்தனிச் சீட்டு. கடைசி நாள் காலையில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. போய்ச் சேர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.